கட்டுப் பிரிக்கிற நாள்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஜோசஃபினை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். உட்காரச் சொன்னாலும் அவளால் உட்கார முடியாது. வலது தொடையில் தோலைச் சீவியெடுத்த இடம் புடவை பட்டாலே எரிகிறது.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஸ்டவ் வெடித்து, எட்டு வயது டோரீனின் இடது கால் முழங்காலிலிருந்து இடுப்பு வரை வெந்துபோயிற்று. யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு தீரவில்லை. கடைக்காரன் எதைக் கலந்து கொடுத்தானோ, யார் கண்டது. பர்மா எல்லையில் ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய டாக்டர் கஸ்தூரிரங்கன், புண்ணை மூடுவதற்காகத் தகப்பன் ரெமிஜியஸின் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார். முதலில் இளஞ்சிவப்பாகப் பிடித்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. பிறகு கறுத்தது, சுருங்கியது, ஒரு நாள் காலையில் கட்டோடு கழன்று வந்துவிட்டது.

தோல் கழன்றதோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு இத்தனை வாரம் வேண்டியதில்லை.

ரெமிஜியஸ் கமர்ஷியல் தெருவில் ராணுவ அதிகாரிகளுக்கு உடுப்புத் தைக்கிற கடையில் கட்டர். துணி வெட்டுகிறவன். ஒரே சுருளில் வெட்டிய துணியால் ஒட்டுப் போட்டால் கண்ணுக்கே தெரியாது, வேறு சுருள் என்றால் இரண்டு சலவையில் பல்லை இளித்துவிடும். இதுதான் தொழில் அவனுக்குக் கற்றுக்கொடுத்த வேதம். ஜோசஃபின் அவனுக்குச் சொந்த அத்தை மகள். நெருங்கின ரத்தம் என்பதால் பிஷப்பிடம் விசேஷ அனுமதி வாங்கித்தான் பிளாக்பள்ளி மாதா கோவிலில் அவள் கழுத்தில் தாலி கட்டினான்.

"நாம ரெண்டு பேரும் ஒரே ரத்தம்னு கோவிலே ஒத்துக்கிச்சு. அப்பனும் ஆத்தாளும் ஒரே ரத்தம்னா புள்ள ரெட்டிப்பா அதே ரத்தம். என் தோலு எப்படி ஒட்டாம போவும்?" என்று அவன் கேட்டான்.

கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். பெரிய முட்டாள்தனத்துக்கெல்லாம் அப்படி ஒரு லட்சணமான முகம் உண்டு.

அந்தக் கேள்வியை அவன் வாயில் ஊட்டியது யார் என்று தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காள் அல்போன்சா. புருஷன் போனபிறகு லிங்கராஜபுரத்தில் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். டோரீனுக்குப் பூனைக்கண். அவள் பிறப்பதற்கு முன்னால் ஜோசஃபின் ஃப்ரேசர் டவுனில் ஓஸ்வால்ட் துரை பங்களாவுக்குப் போய், துரை பெண்டாட்டிக்குக் கவுன் தைத்துக் கொடுத்திருக்கிறாள். இந்த இரண்டையும் எட்டு வருஷமாக வாய்க்குள் ஒதுக்கி வைத்து மென்றுகொண்டிருந்த அல்போன்சா, தம்பியின் தோல் கழன்ற அன்று துப்பினாள்.

நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் சந்தேகம் வேண்டாம். அந்தப் பங்களாவில் கவுன் தைத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. ஓஸ்வால்ட் துரை அவளை நிமிர்ந்து பார்த்தது கூட இல்லை.

ஆனால் ஜோசஃபின் எவ்வளவு சொல்லியும் ரெமிஜியஸ் நம்பவில்லை. "உன் தோல ஒட்டிப் பாரு," என்றான். "அதுவும் கழண்டு வந்துச்சுன்னா நான் வாய மூடிக்கறேன். ஒட்டிக்கிச்சுன்னா அவ உன் மக மட்டும்தான். கன்னியர் மடத்துல அனாதைப் புள்ளைங்களோட கொண்டு விட்டுடு. என் பேரு அவளுக்கு வேணாம்."

ஜோசஃபின் டாக்டரிடம் போய், என் தோலையும் எடுங்கள் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. குழந்தையின் சொந்தத் தோலை எடுக்க அவள் உடம்பில் இன்னும் தெம்பு வரவில்லை, கொஞ்ச நாளைக்கு எதையாவது வைத்துப் புண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்பதால் டாக்டரும் சம்மதித்தார். "இதுவும் நிக்காதும்மா, முன்னாடியே சொல்லிட்டேன்," என்றார். "பரவாயில்ல டாக்டர்," என்றாள் அவள். பெற்ற மனம் என்றால் இதுதான் என்று அந்த நல்ல மனிதர் நெகிழ்ந்துபோனார்.

இன்றைக்கு அந்தக் கட்டைப் பிரிக்கிறார்கள்.

ஜோசஃபின் கையில் ஜெபமாலை இருந்தது. வீட்டில் தினமும் முட்டிபோட்டு வேண்டியதைப்போலவே, மாதாவே, என் பிள்ளையைக் குணப்படுத்து என்று ஆரம்பித்தாள். குணமாக வேண்டுமென்றால் தோல் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் பிள்ளை மடத்துக்குப் போய்விடும். அப்படியானால் உதிர்ந்துபோகச் செய் என்று மாற்றிக் கேட்டாள். கேட்டதும் உடம்பெல்லாம் கூசியது. பெற்ற பிள்ளையின் புண் ஆறக்கூடாது என்று எந்தத் தாயாவது மாதாவிடம் முட்டிபோட்டிருப்பாளா? தன்னை இந்த வேண்டுதலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் நாசமாகப் போகட்டும் என்று நினைத்தாள். அதுவும் பாவம். ஜெபமாலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. முதலில் அல்போன்சா இறங்கினாள், பூசைக்குப் போகிறவள் மாதிரி கறுப்புக்கரைச் சேலை கட்டிக்கொண்டு. பின்னால் ரெமிஜியஸ், காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்து வந்தான். அவன் தொடையும் இன்னும் முழுசாக ஆறவில்லை.

"இன்னும் கூப்புடலியா?"

"இல்லீங்க."

அவன் அவள் நிற்கிற தினுசைப் பார்த்தான். "ரொம்ப எரியுதா?"

"எரியுது."

"புடவை ஒரசாம உள்ள மெல்லிசு மல்லுத் துணி சுத்திக்கோ. எனக்கு அப்படித்தான் ஸ்வல்ப அடங்கிச்சு," என்றான். பழைய ரெமிஜியஸின் குரல். கல்யாணமான புதிதில் ஊசி குத்திய விரலை வாயில் வைத்து உறிஞ்சுவானே, அந்த ரெமிஜியஸ். எப்பேர்ப்பட்ட மனுஷன், இவ்வளவு கிட்டே வந்தும் நம்பாமல் நிற்கிறானே என்று ஜோசஃபினுக்கு ஆத்திரம் வந்தது.

அல்போன்சா தொண்டையைச் செருமினாள்.

"அந்த டாக்டரு உன்கிட்ட சொன்ன எலிக்கதைய நெனச்சுப் பாத்தேன், ரெமி. சீமையில எலிங்கள சொந்தத்துக்குள்ளயே கட்டிவெச்சு, கட்டிவெச்சு வளர்க்கறாங்களாம். ஒரு எலியோட சதைய எடுத்து இன்னொண்ணுக்கு வெச்சா அப்படியே ஒட்டிக்குதாம். வேத்து எலிக்கு வெச்சா ஒட்டலயாம். அவரு வாயாலயே சொன்னதுதானே? நாமளும் சொந்தத்துக்குள்ள கட்டினவங்கதானே?"

ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த எலிங்கள்ல அண்ணனும் தங்கச்சியும் கட்டுது, அண்ணி," என்றாள் ஜோசஃபின். "அதுவும் தலைமுறை தலைமுறையா. நம்ம வீட்டுல அப்படி யாரு கட்டினாங்க? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

"வாயப் பாரு. எலிக்குச் சம்பந்தம் பேசுற டாக்டரு, அவருக்கு ஏத்த ஆளு இவ."

"ரெண்டு பேரும் கம்னு இருங்க. ஆஸ்பத்திரி இது," என்றான் ரெமிஜியஸ்.

நர்ஸ் நோரா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "மிஸஸ் ரெமிஜியஸ், உள்ள வாங்க. அம்மா மட்டும்."

உள்ளே டெட்டால் வாடையும் புண் வாடையும் கலந்து அடித்தது. டோரீன் மேஜைமேல் படுத்திருந்தாள். வெந்தது கால்தான் என்றாலும் மொத்த உடம்பும் பாதியாகிவிட்டது. முகத்தில் அந்தப் பூனைக்கண்கள் மட்டும்தான் மிச்சம்.

"அம்மா, நான் அசையவே இல்ல தெரியுமா?" என்றாள். "தூங்கறப்பகூட அசையல. நோரா சிஸ்டர கேட்டுப் பாரு."

"நெசந்தான்," என்றாள் நோரா. "பெட் ஷீட்டு மடிப்புகூட கலையல. நேத்து அரிச்சிருக்கு, அப்பவும் கைய வெக்கல."

"அப்பாது உதிந்துடுச்சுல்ல, நான் ஆட்டினதுனாலதான் இருக்கும். அம்மாத ஆட்டக்கூடாதுன்னு இருந்தேன்." டோரீன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அம்மா தோலுதான் வேணும், டாக்டர். வேற வெக்க வேணாம்."

டாக்டர் கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மல்லேஸ்வரத்துக்காரர். எவ்வளவு சின்னப் பிள்ளையிடமும் அவருக்குப் பொய் சொல்ல வராது. "பார்க்கலாம், கொழந்தே," என்று மட்டும் சொன்னார்.

ஜோசஃபினுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் இந்தப் பெண் ஒட்ட வேண்டும், ஒட்ட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அதே நேரத்தில் தான் லிங்கராஜபுரத்தில் முட்டிபோட்டு உதிரட்டும், உதிரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

நோரா உப்புத் தண்ணீர் ஊற்றிக் கட்டை ஊறவைத்தாள். மேல்துணி வந்தது. அடுத்த துணி வந்தது. அடியில் இருந்த வலைத்துணியை டாக்டர் இடுக்கியால் மெதுவாகத் தூக்கினார்.

துணியோடு தோலும் வந்தது. சாம்பல் நிறத்தில், ஊறிப்போன காகிதம் மாதிரி, ஓர் ஓரத்தில்கூடப் பிடிப்பு இல்லாமல். அடியில் பச்சைப் புண் பளபளத்தது.

"அடடா. இவ்வளவு சீக்கிரமாவா?" என்றார் டாக்டர்.

"மாதாவே, உனக்குக் கோடி நன்றி," என்றாள் ஜோசஃபின்.

வாய்விட்டுத்தான் சொன்னாள். சொன்னதோடு சிரித்தும்விட்டாள். அடக்க முடியவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி ஓடினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? நோரா திரும்பிப் பார்த்தாள். டாக்டரின் இடுக்கி அந்தரத்தில் நின்றது.

டோரீன் தன் காலைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோசஃபின் அதைக் கவனிக்கவில்லை. அதுதான் இந்த அத்தியாயத்தின் அக்கிரமம். பிள்ளை பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு, தொடை எரிச்சலையும் மறந்து, கதவைத் திறந்து, "என்னங்க, வாங்க. வந்து உங்க கண்ணால பாருங்க," என்று கூப்பிட்டாள்.

ரெமிஜியஸ் வந்தான். உள்ளே விடக்கூடாது என்று நோரா தடுப்பதற்குள் அல்போன்சாவும் அவன் முதுகுக்குப் பின்னால் வாசற்படியில் வந்து நின்றுவிட்டாள்.

"பாருங்க. என்னுதும் ஒட்டல. பெத்தவளுதே ஒட்டல. உங்களுதவிட சீக்கிரம் உதிந்துபோச்சு. இப்ப சொல்லுங்க, நானும் இவளுக்கு அம்மா இல்லியா?"

டாக்டர் இடுக்கியைத் தட்டில் வைத்தார். அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. புரியப் புரிய அவர் முகம் கறுத்தது.

"இதுக்காகவா தோல் குடுத்தேள், மிஸஸ் ரெமிஜியஸ்? உதிரட்டும்னா?"

ஜோசஃபின் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் ரெமிஜியஸ், அன்னிக்கே சொன்னேன். நீங்க கேட்டுக்கலை. இன்னிக்காவது கேட்டுக்குங்கோ." டாக்டர் நிதானமாகப் பேசினார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தணிந்துவிடும். "ஒவ்வொருத்தர் சதையிலயும் ஒரு அடையாளம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அப்பாகிட்டேர்ந்து ஒரு பங்கு, அம்மாகிட்டேர்ந்து ஒரு பங்குன்னு பிறவியிலேயே வரது. உங்ககிட்ட ரெண்டு பங்கு இருக்கு. அதுல கொழந்தைக்கு வந்தது ஒண்ணுதான். வராத இன்னொண்ணைப் பார்த்தா, அவ உடம்பு அன்னியன்னு சொல்லி அடிச்சு வெரட்டும். அப்பாவோடதானாலும் சரி, அம்மாவோடதானாலும் சரி. ஒரே கருவுலேர்ந்து பிரிஞ்ச ரெட்டைப் பொறப்பா இருந்தாதான் நிக்கும்."

"சொந்தத்துல கட்டியிருந்தாலுமா, டாக்டர்?" என்று கேட்டான் ரெமிஜியஸ்.

"அதையும் சொல்றேன். இவாளோடது ஏன் இவ்வளவு சீக்கிரமா உதிர்ந்ததுன்னு நெனைக்கறேள்? இங்கிலாந்துல முயல் வெச்சுப் பார்த்திருக்கா. ஒரு தடவை வெரட்டின தோலை மறுபடி ஒட்டினா, அடுத்த தடவை இன்னும் வேகமா வெரட்டறது. உடம்பு ஞாபகம் வெச்சுக்கறது. உங்க தோல்ல கொழந்தை எந்த அன்னியனை அடிச்சு வெரட்டினாளோ, அவனே அம்மா தோல்லயும் இருந்திருப்பான். நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்கறதுனாலயே இருக்கலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். என் புத்திக்கு அப்படிப் படறது. ஆனா ஒண்ணு நிச்சயம். தோலை வெச்சுத் தகப்பன் யாருன்னு உலகத்துல எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது."

சொந்தம் என்பதால் ஒட்டியிருக்க வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டான். சொந்தம் என்பதாலேயே இன்னும் வேகமாக உதிர்ந்திருக்கிறது. அளவு தப்பி வெட்டிவிட்ட துணியைப் பார்க்கிறவன் மாதிரி ரெமிஜியஸ் நின்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அல்போன்சாவைத் திரும்பிப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். இப்போது அவன் என்ன சொல்வான் என்று ஜோசஃபின் காத்திருந்தாள். அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு சொல்தான்.

"சரி ஜோசி," என்றான். "போனது போவட்டும். நான் எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்."

ஜோசஃபினுக்கு முதலில் காதில் விழுந்தது சரிதானா என்று தோன்றியது.

"எத மன்னிச்சீங்க?"

"அதான். எல்லாத்தையும்."

"என் தம்பிக்கு எப்பவுமே பெரிய மனசு," என்றாள் வாசற்படியிலிருந்து அல்போன்சா.

அவன் மூஞ்சியில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது ஜோசஃபினுக்கு. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. அதுவும் நாலு பேர் எதிரில், பிரசாதம் கொடுப்பதுபோல. தோலைச் சீவியெடுத்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

"நான் உங்கள மன்னிக்கல," என்றாள். "நல்லாக் கேட்டுக்குங்க. உங்க அக்காவையும் சேத்துத்தான் சொல்றேன். இன்னிக்கு இல்ல, சாவற அன்னிக்குச் சாமியாரு வந்து எண்ணெய் பூசறப்ப கேட்டாலும் மன்னிக்க மாட்டேன்."

"கொழந்தை முன்னாடி என்ன பேச்சு இது?" என்றார் டாக்டர். "எல்லாரும் வெளில போங்கோ. புண்ணைத் தொறந்து போட்டுண்டு நான் பஞ்சாயத்துப் பண்ண முடியாது."

அப்போதுதான் ஜோசஃபினுக்குப் பிள்ளையின் ஞாபகம் வந்தது.

மேஜையருகே ஓடினாள். டோரீன் அழவில்லை. புதுத் துணியை நோரா காலில் பரப்புவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஜோசஃபின் அவள் கையை எடுத்தாள். கை வந்தது, ஆனால் பிடிக்கவில்லை.

"இனிமே மத்தவா தோல் வேண்டாம்," என்று டாக்டர் டோரீனிடம் குனிந்து சொன்னார். "தெம்பு வரட்டும்னு இனிமே காத்துண்டு இருக்க முடியாது. உன்னோட நல்ல காலிலேர்ந்தே மெல்லிசா எடுத்து வெச்சுடலாம். அது உன்னுதாச்சே, போகவே போகாது. நாளைக்குக் காலையிலேயே பண்ணிடலாம். சரியா?"

"சரி, டாக்டர்."

"வலிக்கும்."

"சரி."

"இன்னிலேர்ந்து கூடவே ஒருத்தர் இருக்கணும்," என்றாள் நோரா. "ஒருத்தருக்குத்தான் எடம். அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடறேன், டோரீன். சரியாம்மா?"

டோரீன் வாசற்படிப் பக்கம் பார்த்தாள்.

"அத்தை இருக்கட்டும்," என்றாள்.

நோரா தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று குனிந்தாள். "யாரு?"

"அல்போன்சா அத்தை."

"டோரீன், கண்ணு, அம்மா இருக்கேன்டா," என்றாள் ஜோசஃபின். "அம்மா எதுக்கு அப்படிப் பண்ணேன்னு உனக்குத் தெரியாது. உன்ன எங்கயும் அனுப்பிடக்கூடாதுன்னுதான் அம்மா..."

"உனக்குக் கால் எரியுதுல்ல. நீ வீட்டுக்குப் போம்மா," என்றாள் டோரீன். கோபமாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் வேண்டாத விருந்தாளியை அனுப்புகிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள். "அத்தைக்கு என்னப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும். அவங்க புடிச்ச மாதிரி நடிக்க மாட்டாங்க."

அல்போன்சாவே இதை எதிர்பார்க்கவில்லை. எட்டு வருஷத்தில் அந்தப் பெண்ணை அவள் ஒரு நாள் மடியில் வைத்துக்கொண்டது கிடையாது. வாசற்படியில் தயங்கி நின்றாள். பிறகு, கூப்பிட்டால் போகாமல் இருப்பதா என்பதுபோலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கொழந்தை மனசை இன்னிக்குக் கலைக்க வேண்டாம்," என்றார் டாக்டர், ஜோசஃபினை நேரே பார்க்காமல். "அவ கேக்கற ஆளே இருக்கட்டும்."

நோரா கதவைச் சாத்தினாள். சாத்தின கதவுக்கு வெளியே ஜோசஃபின் நின்றாள். இரண்டடி தள்ளி நின்ற ரெமிஜியஸ், "வா, ஜட்கா நிக்குது," என்றான். அவள் நகரவில்லை.

உள்ளே அல்போன்சாவின் குரல் கேட்டது. எப்போதும் இரைந்து பேசுகிறவள் இன்றைக்கு வெகு மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாகப் பேசினாள்.

"உங்கம்மா ஏன் சிரிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா, டோரீன்?"

"தெரியும் அத்தை," என்றாள் ஜோசஃபினின் மகள். "நான் அவங்களுக்கு வேணாம்."